வடக்கோர டிஸ்க்

அந்த அக்கா எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் உங்கள் தலையெழுத்து. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு டிசைன் போடுகிற வேலைக்கு நான் வந்த முதல் நாளே இது தெரிந்துவிட்டது. யூபிஎஸ் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம், அந்த லைனில் எர்த் இல்லை, மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள் என்றார். பொம்பளை நமக்குக் கரண்ட் சொல்லித் தருவதா என்கிற சிரிப்போடு அவன் ஸ்குரூ டிரைவரை வைத்தான். அடுத்த நொடி சுவரோரம் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தான். அக்கா போய் மெயினை அணைத்தார், ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

நானாக இருந்தால் "அப்பவே சொன்னேன்ல" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன். எங்கள் பக்கத்து வாய் அப்படி. அக்கா சொல்லமாட்டார். அப்பவே சொன்னேன் என்பதும் இரண்டாவது தடவை சொல்வதுதானே என்பது அவர் கணக்கு.

ஒல்லியான உடம்பு. கொண்டையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா செருகியிருக்கும். வீரபாண்டியில் அவர் புகுந்த வீட்டின் மாடி அறைதான் எங்கள் டிசைன் ரூம். கீழே கூட்டுக் குடும்பம், பின்னால் குடும்பத்தின் பனியன் கம்பெனி. குழந்தைகள் போடுகிற டி-சர்ட்டுக்கு யானை, தவளை, லாரி என்று அவர் வரைவார். நான் கலர் பிரித்து பிரிண்டிங்குக்கு அனுப்புவேன். பஞ்சு மாடி வரைக்கும் பறந்து வந்து கம்ப்யூட்டர் ஃபேனை அடைக்கும். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அவரே ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷை வைத்து அதைத் துடைப்பார். எல்லோரிடமும் ஆமாங்க, சரீங்க என்றுதான் பேச்சு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஒரு தடவை ஒரு பிரிண்டிங் யூனிட்காரர் மிஞ்சிப்போன பச்சை மையில் தவளையை ஓட்டப் பார்த்தார். அக்கா போனில், அந்தப் பச்சை சூட்டில் பழுத்துவிடும் என்றார். அவர் இருபது வருஷ அனுபவம் பேசினார். அக்கா "சரீங்க" என்று போனை வைத்துவிட்டார். இன்னொரு போன் போடுங்கள் என்று நான் கெஞ்சினேன். போடவில்லை. மை காய வைக்கிற அடுப்பிலிருந்து வந்த தவளையெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தன. லாட் முழுக்க ரிஜெக்ட். அந்த மனுஷன் மாடிப்படியில் வந்து நின்றபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அக்கா அவருக்கு நாற்காலி போட்டார்.

அவர் வீட்டுக்காரர் மூன்று அண்ணன் தம்பிகளில் நடுப்பிள்ளை. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நேர்மாறான ஆள். ஒரே விஷயத்தைப் பத்து தடவை சொல்லிச் சிரிப்பார். கையில் எப்போதும் ஒரு வீடியோ கேமரா. மழை பெய்தால் எடுப்பார், கறிக்குழம்பு கொதித்தால் எடுப்பார், எடுக்கும்போதே பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். அதனால் படத்தில் அவர் முகத்தைவிட அவர் குரல்தான் அதிகம். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏற்றி இடம் போதாமல் போனபோதுதான் அந்தப் பெட்டியை வாங்கினோம். சின்ன ரேடியோ அளவில் கறுப்புப் பெட்டி, மூன்று ஹார்டு டிஸ்க் சொருகலாம், வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் திறக்கலாம். மணிக்கொரு தரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. சிடி-யில் எழுதி வைத்ததெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

டிஸ்க் வாங்க அக்கா என்னையும் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். மூன்றையும் மூன்று கடையில் வாங்கினார். ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால் தள்ளுபடி என்று கடைக்காரர் சொன்னதற்கு, ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாச் செத்துப்போகுமுங்க என்றார். அதில் விஷயம் இருந்தது. அந்தப் பெட்டி ஒரு பைலை முழுசாக ஒரே டிஸ்க்கில் வைக்காது. துண்டு துண்டாக வெட்டி மூன்றிலும் போட்டு வைக்கும். ஒன்று செத்தால் மற்ற இரண்டையும் வைத்து முழுசையும் ஒட்டித் தந்துவிடும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு.

இன்னொன்றும் உண்டு. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, யாருக்கு எது திறக்கலாம் என்கிற விவரத்தை, நாம் எந்த டிஸ்க்கைக் காட்டுகிறோமோ அதில்தான் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பேர் சிஸ்டம் டிஸ்க். அது இல்லாமல் மற்றவை இருந்தும் பிரயோஜனம் இல்லை. மாட்டிக் கொடுக்க வந்தவர் ஒன்று போதும் என்றார். அக்கா திரையில் மூன்றுக்கும் டிக் அடிக்கச் சொன்னார். ஒருத்தர் போனாலும் மத்தவங்களுக்கு ஊடு தெரியோணுமல்லங்க என்றார்.

அடுத்த ஆடி வருமுன் போனது அண்ணன்தான். பல்லடம் ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டியவர் எந்திரிக்கவில்லை.

கருமாதி முடிந்த மத்தியானம், பந்தி எடுத்த இலைகூட இன்னும் வெளியே போகவில்லை. சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அக்காவின் தம்பி அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருந்தார். அவர் எழுந்து விடைபெறும் நேரம் பார்த்து, அண்ணனுக்கு மூத்தவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"டிசைன் பூரா பொறந்த ஊட்டுக்குப் போயிட்டிருக்குது. திருடியை ஊட்டுக்குள்ளயே வெச்சுட்டு கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு என்ன பண்றது?"

இளையவர் தன் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டார். அந்த யானையும் தவளையும் அக்கா கையால் வரைந்தவை. அந்தத் தவளையைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டி, சரக்கு வாங்க வருகிற பையரிடமெல்லாம் எங்கள் டிசைன் என்று காட்டுகிறவர் இந்த மனுஷன். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை அவர் மேல் கவிழ்க்காமல் இருந்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அக்கா தூணோரம் நின்றிருந்தார். "நான் ஒண்ணும் எடுக்கலீங்க மாமா" என்றார். ஒரு தடவை.

மறுவாரமே பாகம் பிரிக்கிற பேச்சு வந்துவிட்டது. காடு கழனி, கம்பெனி, மெஷின் எல்லாவற்றையும் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, ஃபேனைத் துடைத்து முடித்த கையோடு அக்கா பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டம் டிஸ்க் என்ற இடத்தில் மூன்று டிக். முதலாவதை எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். நிச்சயமா என்று அது கேட்டது. ஆமாம் என்று கொடுத்தார். மூன்றாவது மட்டும் நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றிலும் இருக்கட்டும் என்று அன்றைக்கு டிக் அடிக்கச் சொன்னவரே அவர்தான். என்னக்கா இது என்றேன்.

"தெக்கோரம் மூத்தவருக்கு. நடு எளையவருக்கு. வடக்கோரம் நமக்குத்தானுங்க கண்ணு வரும்" என்றார்.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த வீட்டில் எதைப் பிரித்தாலும் திசை பார்த்துத்தான் பிரிப்பார்கள். காடானாலும் களமானாலும் தெற்கோரம் மூத்தவனுக்கு. அப்புறம் இளையவன். ஆம்பளை இல்லாத பங்கு வடக்கே கடைசியில் நிற்கும். பெட்டி கிழக்கு பார்த்து இருந்தது. மூன்றாவது டிஸ்க் வடக்கே இருந்தது. இனி மற்ற இரண்டும் சேர்ந்தாலும் அது இல்லாமல் ஒன்றும் திறக்காது. இவர்கள் டிஸ்க்கைக்கூட அப்படிப் பிரிப்பார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர் அவர்.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு வேறொன்று உறைத்தது. டிசைன் எப்படியோ போகட்டும் அக்கா, அண்ணன் எடுத்த வீடியோவை மட்டுமாவது ஒரு சிடி-யில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணன் குரல் வேறு எங்கும் கிடையாது. கேமராவின் டேப்பையெல்லாம் அவர் அழித்து அழித்துத்தான் மறுபடி எடுப்பார்.

"ஒரு பைல் எடுத்தாலும் எடுத்தவதானுங்க" என்று சொல்லிவிட்டு திரையை மூடினார்.

பிரிக்கிற நாளில் காங்கேயத்துப் பெரியவர் மாடிக்கே ஏறி வந்தார். மெஷின் எல்லாம் கீழே பிரித்தாகிவிட்டது. பெட்டியைப் பார்த்து, இதைக் காப்பி போட்டு மூணு பேரும் வெச்சுக்கிட்டா ஆகாதா என்று அவர்தான் நியாயமாகக் கேட்டார். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. காப்பி போட்டால் எல்லாருக்கும் எல்லாமும் போய்விடும், நாளைக்கு ஒரே பையரிடம் மூன்று பேரும் ஒரே தவளையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா என்றார். இளையவரும் தலையாட்டினார். மூன்று டிஸ்க், மூன்று பங்கு, கணக்கு நேராக இருக்கிறதே. பீரோவில் தட்டுக்குத் தட்டு துணி இருக்கிற மாதிரி டிஸ்க்குக்கு டிஸ்க் டிசைன் இருக்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். முதலாவதில் பழைய பெரிய பையரின் சரக்கு இருக்கும் என்று மூத்தவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

அக்கா முன்னால் வந்தார். "பிரிச்சா ஒண்ணும் படிக்காதுங்க. சேர்ந்திருந்தாத்தானுங்க உயிர்" என்றார்.

மூத்தவர் பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். பாகம் குடுக்காம இருக்க வழி பாக்கறா என்றார். பெரியவர் அக்காவைப் பார்த்தார், இன்னும் ஏதாவது சொல்வார் என்று. நானும் பார்த்தேன். சொல்லவில்லை. சிஸ்டம் டிஸ்க் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை சொன்னதைக் காதில் வாங்காதவர்களுக்கு மேற்கொண்டு ஒன்றைச் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பெரியவர் வாயிலிருந்து தெற்கோரம், நடு, வடக்கோரம் என்று வரிசையாக வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உருவிக் கொடுத்தது நான்தான். காலிப் பெட்டி யாருக்கு என்றதற்கு, அந்தத் தகர டப்பாவை அம்மிணியே வெச்சுக்கட்டும் என்று மூத்தவர் தாராளம் காட்டினார்.

நாங்கள் அருள்புரத்தில் ஒரு மாடி அறை பார்த்துக் குடி போனோம். சேதி அங்கே தானாக வந்தது. இளையவர் புதுப் பெட்டி வாங்கித் தன் டிஸ்க்கைச் சொருகியிருக்கிறார். புதுசாக அமைக்கவா என்று அது கேட்டிருக்கிறது. ஆமாம் என்று தட்டியிருக்கிறார். துடைத்து வைத்த சிலேட்டாகிவிட்டது. மூத்தவன் மட்டும் நல்லதை எடுத்துக்கொண்டு தனக்கு வெறும் டிஸ்க்கைத் தள்ளிவிட்டான் என்று அவர் போய்க் கத்த, இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அன்றைக்கு நான் கடையில் மைசூர்பாகு வாங்கித் தின்றேன்.

மூத்தவருக்கு விவரமான ஒரு கம்ப்யூட்டர்காரர் வாய்த்தார். அவர் எதையும் தட்டாமல் கையைத் தடுத்து, மூன்றில் இரண்டு வேண்டும், அதிலும் சிஸ்டம் இருக்கிற டிஸ்க் வேண்டும், அது உங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குள் பழைய பையர் தவளை படம் போட்ட ராத்திரி உடுப்புக்கு ரிப்பீட் ஆர்டர் போட்டுவிட்டான். பழைய சட்டை ஒன்றைப் பார்த்து யாரையோ வைத்து வரைந்தார்கள். தவளைக்கு மாறுகண் விழுந்துவிட்டது என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் மூத்தவர் படியேறி வந்தார். டிஸ்க்கை ஈரம் படாமல் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அக்கா எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவர் துண்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"சேர்த்துப் போட்டுப் பாரு அம்மிணி. உனக்கும் வேணும், எனக்கும் வேணும்."

காலிப் பெட்டி அதே மேஜையில்தான் இருந்தது. வடக்கோர டிஸ்க் அதன் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் சொருகினால் போதும். தவளை, யானை, அண்ணன் குரல், மழை, எல்லாம் திரும்ப வந்துவிடும். எனக்கு மூத்தவர் தோற்கவும் வேண்டும், அண்ணன் குரல் திரும்பக் கிடைக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்று எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"அன்னைக்குக் கூடத்துல இருந்தவங்களைக் கூட்டி, அவங்க முன்னால அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கங்க மாமா. சேர்த்துத் தர்றேனுங்க" என்றார் அக்கா.

மூத்தவர் தண்ணீரைக் குடித்தார். பேச்சு வேறு பக்கம் போனது. ஷிப்மென்ட் பற்றிச் சொன்னார். இளையவன் புத்தி கெட்டவன் என்றார். வாய்தவறி வந்ததையெல்லாம் மனசில் வைக்கக் கூடாது என்றார். அப்புறம் திடீரென்று குரல் உடைந்தது. நடிப்பில்லை, பார்த்தால் தெரியும்.

"என்ற தம்பி பேசறது அதுக்குள்ளதானே அம்மிணி இருக்குது."

மூத்தவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு படி இறங்க மனசு வந்திருந்தது. முழுசாக இறங்கத்தான் யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்னமோ சொன்னியே, நான் என்ன பண்ணோணும்ங்கற? இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொல்லுங்கக்கா, சொல்லுங்கக்கா என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அக்கா தன் டிஸ்க்கை எடுத்தார். பெட்டியில் வடக்கோரம் சொருகினார். மூத்தவர் முகம் மலர்ந்து, தன்னுடையதையும் எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்து, டிஸ்க்கை அழிக்கிற பக்கத்தைத் திறந்தார். நிச்சயமா என்று பெட்டி கேட்டது. நான் அவர் கையைப் பிடிக்கப் போகுமுன் ஆமாம் என்று கொடுத்துவிட்டார். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது.

மூத்தவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கோடு முடிகிற வரை ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேருதா?" என்றார்.

"இல்லீங்க மாமா. இப்ப நான் எடுத்ததுன்னு ஒண்ணுமே இல்லீங்க" என்றார் அக்கா.

அவருக்கு விளங்க வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. படியிறங்கும்போது என்னிடம், வேறு பெரிய கடையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்களா கண்ணு என்று கேட்டார். எடுக்க முடியாதுங்க என்றேன். சொல்லும்போது தித்திப்பாக இருந்தது, ஒளிப்பானேன். இந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் கருமாதி நாளிலிருந்து காத்திருந்தேன். அவர் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கிப் போனார்.

நான் மேலே வந்தபோது அக்கா வரைந்துகொண்டிருந்தார். பையர் நேராக எங்களிடமே கேட்டிருந்த புதுத் தவளை. கோடு சுத்தமாக விழுந்தது. கண்ணில் ஈரம்கூட இல்லை. நான் பேச்சுக் கொடுக்காமல் என் இடத்தில் உட்கார்ந்து கலர் பிரிக்க ஆரம்பித்தேன். வெகுநேரம் கழித்து அவர் பேனாவை வைத்தார்.

"கண்ணு, அவரு வீடியோ எடுக்கறப்ப மொதல்ல ஒண்ணு சொல்லிட்டு ஆரம்பிப்பாரல்ல, அது என்னங்க?"

நூறு தடவை கேட்டிருக்கிறேன். அண்ணன் சிரிப்பு காதில் வந்தது, வார்த்தை வரவில்லை. தெரியலையே அக்கா என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.